தேவமாலாவின் அடித்தகடு

முகக்கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவிவிட்டால் தண்ணீருக்கடியில் கண்ணாடி மங்காது. கடலில் முங்குகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். கஸ்பார் கொரைரா மட்டும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லித்தான் துப்புவார். ஐம்பத்தெட்டு வயதாகியும் அவருக்குப் பேர்களுக்குப் பஞ்சம் வந்ததில்லை. அன்றைக்குப் படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "பவளத்துறை ஷிப்பிங் முதலாளிக்கு" என்று ஒன்று துப்பினார். "அவன் வக்கீலுக்கு" என்று இன்னொன்று. பிறகு கொஞ்ச தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற வெள்ளைப் படகைப் பார்த்தார்.

"அதுக்கு எச்சில் பத்தாது" என்றார்.

வெள்ளைப் படகின் பக்கவாட்டில் 'தேவமாலா ஆழ்கடல் அனுபவம்' என்று எழுதியிருந்தது. அனுபவம் என்றால் என்ன? பத்துப் பேரைக் கூட்டிப்போய்க் கீழே இறக்குவார்கள். மூழ்கிக் கிடக்கிற கப்பலின் விசிறியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மேலே வந்து திராட்சை ஜூஸ் குடிப்பார்கள். கப்பலின் நிஜ நங்கூரம் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று புது நங்கூரம் ஒன்றைச் சாயம் பூசி மணலில் நட்டுவைத்திருந்தார்கள். வழிகாட்டி தன் கத்திப்பிடியால் கப்பலின் முன்பக்கத்தைத் தட்டிக்காட்டி, செத்தவர்களின் ஆவி பதில் தட்டும் என்று சைகையில் மிரட்டுவானாம். வந்தவர்கள் பயந்தமாதிரி நடித்து அதையும் படம் எடுத்துக்கொள்வார்களாம். ஐந்து பேர் செத்த இடத்தில் இப்படி விளையாட எப்படித்தான் மனசு வருகிறதோ.

எம்.வி. தேவமாலா ஒரு சரக்குக் கப்பல். பேரைத் தவிர அதில் அழகென்று ஒன்றும் இருந்ததில்லை. மூன்று முதலாளிகள் கைமாறியது, கடைசி முதலாளி பவளத்துறை ஷிப்பிங். ஒவ்வொருத்தனும் புதுப் பேர் வைத்தான், புதுப் பெயிண்ட் அடித்தான், அடித்தகட்டை ஒருத்தனும் மாற்றவில்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. சிமெண்ட் லாரி தாமதமாக வந்ததால் வெங்காயத்தைக் கீழே போட்டு சிமெண்டை மேலே அடுக்கினார்கள். கனத்தைக் கீழே வைக்கவேண்டும் என்று தள்ளுவண்டிக்காரனுக்குக்கூடத் தெரியும். கரையிலிருந்து ஏழு மைல் போவதற்குள், பெரிதாகச் சொல்ல முடியாத ஒரு அலையில், கப்பல் தலைகீழாகக் கவிழ்ந்து பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் மணலில் போய் உட்கார்ந்தது. பதினொரு பேரில் ஆறு பேர் குதித்துத் தப்பினார்கள். ஐந்து பேர் எஞ்சின் அறையில் மாட்டிக்கொண்டார்கள்.

வெங்காயம் மட்டும் ஒரு வாரம் கரைக்கு மிதந்து வந்துகொண்டே இருந்தது. ஊர் சாக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடியது. அந்த வாரம் வீடு வீடாக வெங்காயச் சாம்பார் மணத்தது. கஸ்பார் அதற்குப் பிறகு யார் வீட்டிலும் சாம்பார் சாப்பிட்டதில்லை.

ஐந்து பேரும் கப்பல் கவிழ்ந்த உடனேயே இறந்துவிட்டார்கள் என்று விசாரணை அறிக்கை எழுதிவிட்டது. இல்லை என்று சொன்ன ஒரே ஆள் கஸ்பார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, சங்கு குளிக்கிற தொழில். கவிழ்ந்த மறுநாள் காலை பத்து மணிக்கு முதலில் கீழே போனவர் அவர்தான். மேலே பார்த்துக் கிடந்த அடித்தகட்டில் கையை வைத்தபோது உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். அவர் மூன்று தட்டுத் தட்டிவிட்டு மேலே வந்து சொன்னார். குழாய் ஆடி மோதுகிற சத்தம் என்றார்கள் அதிகாரிகள். அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'இது சாட்சியின் கற்பனை' என்று ஒரே வரியில் முடித்தார்கள். ஊர் அதைவிடச் சுருக்கமாக முடித்தது. அன்றிலிருந்து அவர் 'புளுகு கஸ்பார்'.

இதற்குத்தான் டாக்டர் ஹேமலதாவின் பெட்டி வந்திருக்கிறது. கப்பல் வாயைத் திறந்து கஸ்பார் பொய்யன் இல்லை என்று சொல்லவேண்டும். இந்த வயதில் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஹேமலதா கோயம்புத்தூர்க்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். படகு ஆடுகிற ஆட்டத்தில் முகம் வெளிறிப்போய், சோப்புப்பெட்டி அளவு கருவி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப ஒருக்கா சொல்லிப்போடுறேனுங்க ஐயா" என்றார். "எஃகை அழுத்துனாலோ தட்டுனாலோ அதோட காந்தம் துளியூண்டு மாறும். பேச்சுச் சத்தம்கூட தகட்டை அதிரவைக்குமுங்க. வருசக்கணக்கா அசையாமக் கிடக்குற தகட்டுல, கடைசியா விழுந்த சத்தம் அப்படியே நின்னுபோயிருது. இந்தப் பெட்டி அதைப் படிக்குது."

"கடைசியான்னா எம்புட்டு நேரம்?"

"இருபது மணி நேரம் கிடைச்சா அதிர்ஷ்டமுங்க. பாலம் இடிஞ்ச கேசுல ஒன்பது மணி நேரம் கிடைச்சுது."

"அப்ப வீட்டு பீரோவும் பேசுமோ? ஊருல எல்லாவனும் இரும்பு பீரோவை வித்துட்டு மரத்துல வாங்குதானுவ. எங்க தெருவுல ஒருத்தன் இரும்புக் கட்டிலைக் கொண்டுபோயி குளத்துல தள்ளிட்டான்."

ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பீரோவை ரெண்டு தரம் திறந்து மூடுனா எல்லாம் அழிஞ்சுரும். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணமே நின்னுபோச்சு. மாப்பிள்ளை வீட்டுல ஏன் அவசரமா இரும்புக் கதவை மாத்துனீங்கன்னு பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டாங்களாம்."

"மனசுல அழுக்கு இருக்கவன் கதவைத்தான் மாத்துவான்" என்றார் கஸ்பார். "எனக்கு மாத்த ஒண்ணும் இல்ல. கொண்டா பெட்டிய."

அவர் சொன்னது உண்மை. ஊரே இரும்பைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், ஒரு இரும்புத் தகடு பேசவேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்த ஆள் அவர் ஒருவர்தான். விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி மனுப் போட்டவள் டெல்பின். எஞ்சின் அறையில் செத்த இன்னாசி வாஸின் மகள். அப்பா போனபோது அவளுக்கு ஆறு வயது. கஸ்பாரை நம்பிய ஒரே ஜீவன் அவள். மாமா மாமா என்று அவள் கூப்பிடுகிற அந்த ஒரு வீட்டில்தான் அவர் யாரையும் ஏசாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

கஸ்பார் பின்பக்கமாகச் சரிந்து கடலுக்குள் விழுந்தார்.

கீழே தண்ணீர் மோர் மாதிரிக் கலங்கியிருந்தது. முதலில் சிமெண்ட் மூட்டைகள் தெரிந்தன. கோணி எப்போதோ மட்கிப் போய்விட்டது. உள்ளே இருந்தது கல்லாக இறுகி, மூட்டையின் மடிப்பும் தையலும் அப்படியே இருக்க, மலை மாதிரிச் சரிந்து கிடந்தது. அதற்கு மேலே கப்பலின் வயிறு. கஸ்பாருக்கு இடம் தேடவேண்டியிருக்கவில்லை. விசிறியிலிருந்து முன்பக்கமாகப் பதினாலு முழம். முப்பத்தொரு வருஷமாகத் தூக்கத்தில்கூட அளந்த தூரம். அந்த இடத்தில் சிப்பியும் பாசியும் ஒரு சாண் கனத்துக்கு மூடியிருந்ததால் வழிகாட்டியின் கத்திப்பிடி எட்டவில்லை. ஹேமலதா கொடுத்த மரச்சீவுளியால் அதிராமல் சுரண்டினார். இரும்பு தட்டுப்பட்டதும் பெட்டியை வைத்து, அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தில் விரல் விரலாக நகர்த்தினார். ஒரு நாளைக்கு மூன்று முங்கல். இப்படி ஒன்பது நாள்.

ஒன்பதாவது நாள் கரைக்குத் திரும்பும்போது ஹேமலதா கேட்டார்.

"மூணு தட்டுன்னு சொல்றீங்களே ஐயா. ஏன் மூணு?"

இந்தக் கேள்விக்காக முப்பத்தொரு வருஷம் காத்திருந்தவர்போலக் கஸ்பார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க தொழில்ல பேச்சு அதுதாம்மா. கலங்கல் தண்ணியில ஆளுக்கு ஆள் தெரியாது. சங்கு தோண்டுற கம்பியால சிலிண்டரைத் தட்டுவோம். மூணு தட்டுன்னா, அங்கயே இரு, நான் வாரேன். காத்துக் குழாய் எதுலயாவது மாட்டிக்கிட்டா பயத்துல இழுக்கச் சொல்லும். இழுத்தா இன்னும் சுத்திக்கிடும், போய்ச் சேர வேண்டியதுதான். அதனால மூணு தட்டு கேட்டுட்டா திருக்கையே வந்து மேல படுத்தாலும் அசையக்கூடாது. தட்டுனவன் வந்தே தீருவான். எங்க கடலோரத்துல இதை மீறுனவன் கிடையாது."

"உள்ள இருந்தவங்களுக்கு அது தெரியுமுங்களா?"

"இன்னாசி அண்ணன் கப்பலுக்கு ஆயில்மேனாப் போறதுக்கு முன்னால சங்கு குளிச்சவருதான். எனக்கு முங்கச் சொல்லிக்குடுத்ததே அவரு கூட்டாளிதான். தெரியாம இருக்குமா?" அவர் கப்பல் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "கடைசியில ஒரு ஆள் வெளிய இருக்கான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்லா. அந்த ஆறுதலோட போயிருப்பாரு. அதையாவது குடுத்தோம்னு நினைச்சுக்கிடுவேன்."

"அப்புறம் நீங்க என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ண விட்டானுவ? மேல வந்து சொன்னேன். காவல் படகைக் கொண்டுவந்து குறுக்க நிறுத்தி, ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாதுன்னுட்டானுவ. பெரிய ஊர்லேருந்து பெரிய முங்காளிகள் வாரான்னானுவ. வந்தவன் மூணாம் நாளு வந்தான். வந்து காதை வச்சுப் பாத்துட்டு சத்தமில்லன்னான். செத்துப்போனவன் தட்டுவானா? நான் விடல பாத்துக்கிடுங்க. ஹார்பர் கேட்டுல நின்னு அன்னிக்கு முழுக்க, ராமுழுக்க ஏசுனேன். கலெக்டரு, கம்பெனி மேனேஜரு, வெங்காயம் பொறுக்கப் போனவன், ஒருத்தனையும் விடல. தொண்டையில ரத்தம் வந்துட்டு. இந்த ஊருல அன்னிக்கு நியாயம் பேசுன ஒரே ஆளு நான்தான்."

ஹேமலதா கருவியைத் துணியில் பொதிந்து பைக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் கஸ்பாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீக்கடையில் வழக்கமான ஆட்கள் வழக்கம்போல இளித்தார்கள். "என்ன கஸ்பாரு, தகடு பேசிட்டா? வெங்காயம் என்ன விலைன்னு கேட்டுச்சொல்லும்" என்றான் ஒருத்தன். கஸ்பார் டீயை ஊதிக் குடித்தார். இன்னும் கொஞ்ச நாளில் இவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து மன்னிப்புக் கேட்பார்கள், அப்போது முகத்தில் எப்படிப்பட்ட சிரிப்பை வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹேமலதா கூப்பிட்டனுப்பினார். துறைமுகத்துக்குப் பக்கத்து விடுதியில் அவர் அறை. மேசை நிறையக் கம்பிகள். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு ஒரு பொத்தானை அமுக்கினார்.

முதலில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து, டொக். கொஞ்சம் பொறுத்து, டொக் டொக். இரும்பின் மேல் இரும்பு. ஒழுங்கில்லாமல், அவசரமாக. பிறகு, வெளிப்பக்கத்திலிருந்து கனமாகவும் நிதானமாகவும் மூன்று தட்டு.

கஸ்பார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அதைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"கேட்டியளா? கேட்டியளாம்மா? நாந்தான் அது. நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் கொண்டாரச் சொல்லுங்க அந்த நாய்களை."

ஹேமலதா பொத்தானை மறுபடி அமுக்கி நிறுத்தினார். "இது தட்டுற சத்தத்தை மட்டும் பிரிச்சு எடுத்த ஆறு நிமிசமுங்க. இன்னும் இருக்குது. ஆனா..." என்று இழுத்தார். "இதோட போதுமுங்களே ஐயா."

"என்ன போதும்? பேச்சு கிடைச்சிருக்கா?"

"கிடைச்சிருக்குதுங்க."

"பின்ன? போடுங்க. இன்னாசி அண்ணன் குரலைக் கேட்டு எத்தனை வருசமாச்சு."

அவர் பிடிவாதம் பிடித்தார். ஹேமலதா வேறு வழியில்லாமல் போட்டார். தட்டுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தது. இன்னாசியின் குரல்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் உற்சாகமாக.

"வழி இருக்கு சாரே. கூரைக் கதவு இப்ப நமக்குக் கீழ கெடக்குல்லா, அது பாதி தொறந்திருக்கு. அதுக்கும் மணலுக்கும் நடுவுல ஒரு ஆள் போலாம். நான் வெளிய போயி வெளிச்சத்தைப் பாத்துட்டுத்தான் திரும்பி வாரேன்."

"எனக்கு முங்கத் தெரியாதே இன்னாசி." இது சீஃப் எஞ்சினியர் சிரியக். சொன்னவருடைய பல் தந்தியடிப்பது கேட்டது.

"என் இடுப்பைப் பிடிச்சுக்கிடுங்க, கண்ணை மூடிக்கிடுங்க. மிச்சம் எம்பாடு. ஒவ்வொருத்தராக் கொண்டுபோறேன். மொதல்ல சமையக்காரர் வாரும். பயப்படாதேயும், மூச்சை இழுத்துக்கிடும்."

தண்ணீர் அலம்புகிற சத்தம். உள்ளே ஒருத்தர் தகட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாரோ மூச்சை இழுத்தார்கள். அப்போதுதான் அந்த மூன்று தட்டு.

எல்லாம் நின்றுபோயிற்று. பிறகு இன்னாசி, "நில்லுங்க. யாரும் இறங்காதிய" என்றார். "மூணு தட்டு. எங்க ஊரு சங்கு குளிக்கிறவன். அங்கயே இரு, நான் வாரேன்னு சொல்லுதான். ஆள் வந்தாச்சு சாரே. காத்தும் குழாயுமா வருவானுவ. இனி நாம எதுக்கு உசுரைப் பணயம் வைக்கணும்?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். யாரோ விசும்பினார்கள்.

ஹேமலதா கஸ்பாரின் முகத்தைப் பார்க்காமல், "நாலு மணி நேரம் கழிச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட்டார்.

"போயிடலாம் இன்னாசி. யாரும் வரல்ல."

"வருவான் சாரே. மூணு தட்டு தட்டிட்டு வராமப் போனவன் எங்க ஊருல இல்ல. நாம பாட்டுக்கு நகந்துட்டா நம்மளைத் தேடி வந்து அவன்லா மாட்டிக்கிடுவான்."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் பெரிய சத்தம் ஒன்று வந்தது. மலை சரிந்த மாதிரி. சிமெண்ட் மூட்டைகள் மொத்தமாகச் சரிந்து கூரைக் கதவின் வாயை அடைத்துக்கொண்டன. அதற்குப் பிறகும் பதினாலு மணி நேரம் இருக்கிறது என்றார் ஹேமலதா. அதைப் போடவில்லை.

"பொய்" என்றார் கஸ்பார். "உங்க மெசினு பொய் சொல்லுது. கம்பெனிக்காரன் எம்புட்டுக் குடுத்தான் உங்களுக்கு?"

ஹேமலதா கம்பிகளைச் சுருட்டி ஓரமாக வைத்தார். அவர் கோபித்துக்கொண்டிருந்தாலாவது கஸ்பாருக்கு வசதியாக இருந்திருக்கும். பிறகு ஹேமலதா, "மனுவுல கேட்டது ரெண்டே கேள்விங்க. அவங்க உசுரோட இருந்தாங்களா, நீங்க தட்டுனது நிசமா. அதுக்கு இந்த ஆறு நிமிசம் போதும். ரெண்டு பக்கமும் வெட்டி, பேச்சு வராம, தட்டு மட்டும் குடுத்தறலாமுங்க" என்றார்.

கஸ்பார் நாற்காலியை விட்டு எழுந்தார். முப்பத்தொரு வருஷமாக, வசதிக்கு வெட்டி எழுதினான்கள் என்று எத்தனை பேரைக் காறித் துப்பியிருப்பார்.

"அது போதும்" என்றார்.

வெளியே வந்தபோது உச்சி வெயில். யாரையாவது ஏசினால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று தோன்றியது. கம்பெனி முதலாளியை நினைத்துப் பார்த்தார், விசாரணை அதிகாரியை நினைத்துப் பார்த்தார். அவன்கள் செய்தது அயோக்கியத்தனம்தான், அதில் இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை. கால் தானாக டெல்பினின் கடைக்குப் போயிற்று.

அவள் மக்ரூன் போடுகிறவள். முட்டை வெள்ளைக்கரு நுரைத்துக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து கையை எடுக்காமலே, "வாங்க மாமா" என்றாள். கண் வீங்கியிருந்தது. அடுப்புச் சூடு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"டெல்பினு, மெசின்ல சத்தம் வந்திருக்கு."

"தெரியும். டாக்டரம்மா சொன்னாவ."

"நீ கேட்டியா?"

"கமிஷன்ல கேட்டுக்கிடலாம்" என்றாள் அவள். "நாளக்கழிச்சு சீக்கிரம் வந்துருங்க. அந்தக் கசங்குன சட்டையோட வராதிய. நல்ல சட்டை போட்டுக்கிடுங்க."

சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தார். அதற்குள் அவள் ஒரு தட்டில் நாலு மக்ரூன் வைத்து நீட்டினாள். வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டார். தூ, நானும் ஒரு மனுசனா என்று வழியெல்லாம் தன்னையே சொல்லிக்கொண்டு நடந்தார்.

விசாரணை பழைய வணிகர் சங்கக் கட்டடத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தனியாளாக மேடையில் இருந்தார். கூட்டம் வாசல்வரை நின்றது. டீக்கடை ஆட்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். வெங்காயம் பொறுக்கியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் வந்திருந்தார்கள். பவளத்துறை ஷிப்பிங்கின் வக்கீல் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு, இந்தப் பெட்டி வித்தையெல்லாம் தனக்குத் தெரியும் என்பதுபோலப் பக்கத்து ஆளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஹேமலதா ஆறு நிமிஷத்தைப் போட்டார்.

உள்ளிருந்து தட்டு. வெளியிலிருந்து மூன்று தட்டு.

வக்கீலின் கால் கீழே இறங்கிற்று. ஒரு கிழவர் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். வெங்காய விலை கேட்டானே, அவன் மெதுவாக வந்து கஸ்பாரின் தோளில் கை வைத்து, "மன்னிச்சுக்கிடும் கஸ்பாரு" என்றான். பின்னாலேயே இன்னொருத்தன், இன்னொருத்தன். கஸ்பார் ஆசைப்பட்டபடியே வரிசையில் வந்தார்கள். எந்த முகத்தையும் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்ன ஊர் இது, நேற்றுவரை புளுகன் என்றவன் இன்றைக்குக் காலில் விழுவான்போல இருக்கிறதே என்று ஒரு கணம் அருவருப்பு வந்தது. மறு கணம் அது யார்மேல் என்று அவருக்கே தெரிந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், பதிவு இவ்வளவுதானா? இதுக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது இருக்கா?"

ஹேமலதா கஸ்பார் பக்கம் திரும்பவில்லை. அவர் பார்த்தது டெல்பினை.

கஸ்பாருக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்டுவிட்டாள். அவருக்கு முன்னாலேயே, முழுவதையும் கேட்டுவிட்டாள். செத்தவரின் மகளுக்குக் காட்டாமல் ஒரு அந்நிய ஆளுக்கு எப்படி முதலில் காட்டுவார்கள்? வெட்டச் சொன்னதே அவளாகத்தான் இருக்கவேண்டும்.

"இவ்வளவுதாங்கய்யா" என்றாள் டெல்பின், யாரும் தன்னைக் கேட்காமலே எழுந்து. "எங்களுக்கு இது போதும்."

உட்காரும்போது அவள் ஒருமுறை திரும்பிக் கஸ்பாரைப் பார்த்தாள். வெறுப்பாக ஒரு பார்வை பார்த்திருந்தால் அவருக்குப் பழக்கப்பட்ட விஷயம், தாங்கியிருப்பார். அவள் முகத்தில் இருந்தது இரக்கம். படுக்கையில் கிடக்கிற நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கஸ்பார் எழுந்தார்.

"இருக்கு" என்றார். "இன்னும் இருக்கு. போடச் சொல்லுங்க."

"நீங்க யாரு?"

"தட்டுனவன்."

"மாமா, உக்காருங்க" என்றாள் டெல்பின் தாழ்ந்த குரலில். அவர் உட்காரவில்லை.

நீதிபதி ஹேமலதாவைப் பார்த்தார். ஹேமலதா தலையைக் குனிந்துகொண்டு, "பத்தொன்பது மணி நேரம் இருக்குதுங்கய்யா" என்றார்.

"அவ்வளவும் இங்கே கேட்க முடியாதே. சுருக்கமா எழுதிக் குடுத்தா போதும்."

"சுருக்கமால்லாம் போன தடவையே எழுதியாச்சு ஐயா" என்றார் கஸ்பார். "முழுசாப் போடுங்க. நான் நிக்குதேன்."

போட்டார்கள். இன்னாசி பேசினார். சிரியக் பேசினார். யாரோ மூச்சை இழுத்தார்கள், தட்டு விழுந்தது, நில்லுங்க என்றது குரல். இன்னதுதான் நடந்தது என்று கூட்டத்துக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்டவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். வக்கீலுக்கு மறுபடியும் கால் மேலே ஏறிற்று. முதல் மணி நேரம் முடிவதற்குள் பத்திரிகைக்காரர்கள் எடுக்கவேண்டியதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாதிக் கூட்டம் போனது, திரும்பி வரவில்லை. செத்துக்கொண்டிருக்கிறவர்களைக் கொஞ்ச நேரத்துக்குமேல் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. நீதிபதி மட்டும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவது மணி நேரத்தில் மூட்டைகள் சரிந்தன. டெல்பின் எழுந்து வந்து கஸ்பாருக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் பிடித்துக்கொள்ளவும் இல்லை, தள்ளிப்போகவும் இல்லை.

"நீங்க தட்டுனது தப்புன்னு நான் நினைக்கல மாமா" என்றாள். "யாரா இருந்தாலும் அதைத்தான் தட்டியிருப்பாங்க. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு விளங்கல. ரெண்டு நாளா அதையேதான் நினைச்சுட்டு இருக்கேன்."

"என்னம்மா?"

"காவல் படகு நின்னாலும் கடல்ல எத்தனையோ வழி இருக்கு. உங்களுக்குத் தெரியாத வழியா? ஒரு வள்ளத்தை எடுத்துக்கிட்டு இன்னொரு தடவை முங்கியிருக்கலாம்லா. நீங்க ஏன் திரும்பப் போகல?"

கஸ்பார் காவல் படகு என்று சொல்ல நினைத்தார். அந்தப் படகுக்காரன் மத்தியானம் இரண்டு மணிக்கே சாப்பிடக் கரைக்கு வந்துவிட்டான் என்பதும், அதைக் கேட்டிலிருந்து தன் கண்ணாலேயே பார்த்து, அதற்காகவும் அவனை ஏசினதும் ஞாபகம் வந்தது. ஒலிபெருக்கியில் இன்னாசி யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏசிக்கிட்டே நின்னுட்டேம்மா" என்றார் கஸ்பார்.